மதுவிலக்கும் மெத்தனாலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1920 முதல் 1933 வரை அமெரிக்கா நாடு முழுக்க மதுவை விலக்கிப் பார்த்துத் தோற்றது. மாஃபியா கும்பல்கள்தான் காரணமா? குடி மனித இயல்பு, எந்தச் சட்டமும் அதன் முன் நிற்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. என் அப்பாவும் குடியால்தான் போனார்.

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

அந்தக் கடைசி வரியை எழுத உங்களுக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் அந்தத் துக்கத்தை வைத்துக்கொண்டு ‘மனித இயல்பு’ என்று கைகழுவாதீர்கள். அது சோம்பேறித்தனமான பதில். சட்டம் எழுதியவர்களை அது சுலபமாகத் தப்பவிடுகிறது.

மாஃபியா தலைவன் அல் கபோனை விடுங்கள். முதலில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய வோல்ஸ்டெட் சட்டத்தைப் பாருங்கள். தயாரிப்பதை, விற்பதை, கொண்டுசெல்வதைத்தான் அது தடுத்தது, குடிப்பதை அல்ல. முன்பே வாங்கி வீட்டில் அடுக்கியவர் தாராளமாகக் குடிக்கலாம். டாக்டர் சீட்டு இருந்தால் பத்து நாளைக்கு ஒருமுறை ஏறக்குறைய அரை லிட்டர் விஸ்கி மருந்துக்கடையிலேயே கிடைத்தது. காசு இல்லாதவன் எதைக் குடித்தான் என்று கேளுங்கள்.

பெயிண்ட், வார்னிஷ் போன்ற தொழில்களுக்கு எத்தனால் வேண்டும், மதுவில் போதை தருவதும் அதுதான். அதைத் தடுக்க முடியாது. ஆகவே குடிக்க முடியாதபடி விஷம் கலந்து அனுப்பினார்கள். தொழிலுக்குப் போகும் எத்தனாலுக்கு மதுவரி விலக்குத் தர 1906இலேயே வந்த ஏற்பாடு அது. சாராயக் கும்பல்கள் அந்த ஸ்பிரிட்டைக் கடத்தி, வேதியியல் படித்தவர்களைக் கூலிக்கு வைத்து மறுபடி காய்ச்சி வடித்தன. அரசு கலவையை இன்னும் கடுமையாக்கியது. 1927 தொடக்கத்தில் வந்த கலவையில் 100 பங்கு எத்தனாலுக்கு 4 பங்கு மெத்தனால் என்ற விஷச் சாராயம், கூடவே பிரிடின், பென்சீன் என்ற ரசாயனங்களும்.

மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78இல். ‘முதலில் சொட்டுவதைக் கொட்டிவிட்டால் போதும்’ என்று இன்றும் சொல்கிறார்கள். தவறு. சாதாரணப் பானையில் இரண்டு ஆவியும் கலந்துதான் வரும், கடைசிவரை மெத்தனால் இருக்கும். நாக்கால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. குடித்ததும் வழக்கமான போதைதான். கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றிய பிறகே, அரை நாளோ ஒரு நாளோ கழித்து, கண் மங்கும், மூச்சு வாங்கும். கூடவே எத்தனாலும் உள்ளே போயிருந்தால் கல்லீரல் முதலில் அதைத்தான் கவனிக்கும், அறிகுறி இன்னும் தள்ளிப்போகும். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் கடந்துவிடும். 30 மில்லி மெத்தனாலே ஆளைக் கொல்லலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான்.

நியூயார்க் நகரின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ், அமெரிக்காவில் அன்று நடந்த இத்தகைய சாவுகளுக்கு அரசே பொறுப்பு என்று 1926 டிசம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். சட்டத்தை மீறிக் குடித்தவன் சாவைத் தானே தேடிக்கொண்டான் என்று மதுவிலக்குக்காரர்கள் பதில் சொன்னார்கள். ‘மனித இயல்பு’ என்று நீங்கள் எழுதியதும் அதே பழியைத்தான் செத்தவன் தலையில் போடுகிறது, தம்பி. தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.

1933 டிசம்பர் 5இல் தடை நீங்கியது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வருமான வரி சுருங்கிப்போய், அரசுக்கு மதுவரி தேவைப்பட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நீங்கள் கேட்ட கும்பல்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.