ஊரடங்கில் விட்டுப்போன தடுப்பூசி: முதலிலிருந்து போட வேண்டுமா?

2020 ஊரடங்கின்போது வந்த கேள்வி இது: கேரளத்தின் சித்தூரில் முதல் ஊசி போட்ட குழந்தைக்கு அடுத்தது தள்ளிப்போய்விட்டது, பொள்ளாச்சிப் பக்கம் செவிலியர் மறுபடி முதலிலிருந்து போடச் சொல்கிறார், அப்படிச் செய்ய வேண்டுமா? வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். பாலக்காடு சித்தூரில் 6 வாரத்தில் போட்ட முதல் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி) கணக்கில் உண்டு, 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து நாலு மாதம் தள்ளிப்போனதால் அந்த ஊசி வீணாகாது. அடுத்துப் போட வேண்டியது இரண்டாவது, குறைந்தது 4 வாரம் கழித்து மூன்றாவது.

பொள்ளாச்சிப் பக்கம் செவிலியர் "புதுசா ஆரம்பிக்கணும்" என்றதற்குக் காரணம் பெரும்பாலும் தடுப்பூசி அட்டைதான். அது மலையாளத்தில் இருக்கிறது, இங்குள்ள பதிவேட்டிலும் குழந்தையின் பெயர் இல்லை, அப்புறம் அவர் எதை நம்புவார்? என் அக்கா மகளுக்கும் வேலந்தாவளத்தில் இதேதான் நடந்தது. அட்டையில் 6 வாரக் கட்டத்தில் நீல மையில் எழுதிய தேதி மஞ்சள் கறையில் பாதி மறைந்திருந்தது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கட்டத்தில் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு, தாய் சேய் எண்ணையும் (தாய்க்கும் குழந்தைக்கும் தரும் பதிவு எண்) குறித்துக்கொண்டு, தடுப்பூசி நாளான புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மருத்துவரிடமே காட்டுங்கள். சித்தூர் ஆஷா பணியாளரிடம் (ஊர் சுகாதாரப் பணியாளர்) போனில் கேட்டால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்.

லேசான சளி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் போன ஊசிக்குப் பிறகு வலிப்பு வந்திருந்தால் போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) விட்டுப்போயிருந்தால் ஒரு வயதுக்குள் போட வேண்டும், அதற்குப் பிறகு போடமாட்டார்கள். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி, அதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.