உள்ளங்கை வியர்வையும் இரவு வியர்வையும்: வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

கேள்வி: எனக்கு 18 வயது; உயர்தர வகுப்பில் படிக்கிறேன். சிறு வயதிலிருந்தே இரு உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும் சொட்டச் சொட்ட வியர்க்கின்றன. பரீட்சையில் விடைத்தாள் நனைந்து மை பரவுவதால், கைலேஞ்சியை விரித்து அதன்மேல் கையை வைத்தே எழுதுகிறேன். உடம்புச் சூடு என்று சொல்லி அம்மா வெந்தயமும் இளநீரும் தருகிறார். பயந்த சுபாவம் என்கிறார்கள் மற்றவர்கள். இதற்கு மருந்து உண்டா?
மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை முதலில் கேட்கிறேன். தூங்கும்போது உங்கள் கைகள் உலர்ந்திருக்கின்றனவா? அம்மாவை நடு இரவில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உலர்ந்திருந்தால், இது வேறொரு நோயின் அறிகுறியாக அல்லாமல், தானாகவே வரும் மிகை வியர்வையாகவே பெரும்பாலும் இருக்கும். இளவயதில் தொடங்குவது, இரு பக்கமும் ஒரே அளவாக இருப்பது, குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பது ஆகியவை இதன் அடையாளங்கள்.

நமது தோலில் 20 முதல் 40 இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உடலின் மற்றப் பகுதிகளில் இருப்பவை முக்கியமாக வெப்பத்துக்கு இயங்க, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இருப்பவை பெரும்பாலும் மனவெழுச்சிக்கே இயங்குகின்றன. உங்களுக்குச் சுரப்பிகள் கூடுதலாக இல்லை. அவற்றைத் தூண்டும் நரம்புகள் அளவுக்கு மிஞ்சி வேலை செய்கின்றன. பயத்தினால் வியர்வை கூடும் என்பது உண்மையே. ஆனால் கை நனைந்துவிடுமே என்ற கவலைதான் பல பிள்ளைகளுக்கு அந்தப் பயத்தையே உண்டாக்குகிறது என்பதால், சுபாவத்தைக் குறை சொல்வதை நான் ஏற்பதில்லை. இளநீரைத் தாராளமாகக் குடியுங்கள், தாகம் தீரும். கை வியர்வைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

முதற்கட்ட மருந்து அலுமினியம் குளோரைட் கரைசலாகும். இது சுரப்பியின் வாயைத் தற்காலிகமாக அடைக்கிறது. சுரப்பிகள் ஓய்ந்திருக்கும் இரவில், நன்றாக உலர்ந்த தோலில் பூசிப் படுத்து, காலையில் கழுவிவிட வேண்டும். ஈரத்தோலில் பூசினால் அமிலம் உண்டாகி எரியும் என்பதை அறியாமல், இரண்டே நாளில் மருந்தை வீசிவிடுபவர்கள் பலர். அக்குளில் பூசுபவர்கள் மயிர் மழித்த அன்றைக்குத் தவிர்ப்பது நல்லது. பலன் தெரிய ஓரிரு வாரங்கள் ஆகலாம். அதன்பின் வாரத்துக்கு ஓரிரு தடவை போதும். சலூனில் சவரம் செய்தபின் தடவும் படிகாரமும் ஓர் அலுமினிய உப்புத்தான். ஆயினும் இந்த அளவு வியர்வைக்கு அதன் வலு போதாது.

உள்ளங்கைத் தோல் தடித்தது என்பதால் பூச்சு மட்டும் போதாமல் போகலாம். அப்போது கைகளைத் தட்டிலுள்ள குழாய் நீரில் வைத்து, மிக மெல்லிய மின்னோட்டத்தை ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம் வரை செலுத்தும் முறை உண்டு; கர்ப்பிணிகளுக்கும் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும் இது ஆகாது. பொட்டுலினம் ஊசி சில மாதங்களுக்குப் பலன் தரும். ஆனால் செலவு அதிகம், உள்ளங்கையில் வலியும் அதிகம். ஒக்சிபியூட்டினின் போன்ற குளிசைகள் உடல் முழுவதும் வியர்வையைக் குறைப்பதோடு வாய் வறட்சி, மலச்சிக்கல், மங்கலான பார்வை ஆகியவற்றையும் தரலாம். வியர்வைதான் உடலைக் குளிர்விக்கிறது என்பதால், கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் வெளியில் திரிபவர்களுக்கு இவற்றைக் கொடுக்க நான் தயங்குவேன்.

நெஞ்சறைக்குள் நரம்பை வெட்டும் சத்திரசிகிச்சை கடைசி வழி. கை உலர்ந்தாலும், முதுகும் வயிறும் தொடையும் முன்னைவிட அதிகமாக வியர்க்கத் தொடங்கலாம். வெட்டியதை மீட்க முடியாது. 18 வயதில் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்கில் முதலில் காட்டுங்கள்.

கேள்வி: வயது 52. வேளாண்மை செய்கிறேன். இரண்டு மாதமாக நடுச்சாமத்தில் சாரமும் தலையணையும் நனையும் அளவுக்கு வியர்த்து விழிப்பு வருகிறது. உடம்பும் மெலிந்துவிட்டது. சீனி வருத்தத்துக்குக் குளிசை பாவிக்கிறேன்.
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: உங்களுடையது வேறு கதை. இந்த வயதில் புதிதாகத் தொடங்கி, தூக்கத்தில் உடல் முழுவதும் வியர்த்து, எடையும் குறைந்தால், காரணத்தைத் தேடாமல் விடக்கூடாது. சில நீரிழிவுக் குளிசைகள் இரவில் சீனியை மிகவும் குறைத்து வியர்வையை உண்டாக்கும். வியர்த்து விழிக்கும் அந்த நேரத்திலேயே இரத்தச் சீனியைப் பாருங்கள்; 70 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மறுநாளே வைத்தியரிடம் சொல்லிக் குளிசையின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சீனி குறையவில்லையென்றால் காசநோய், தைரொயிட் மிகைச்சுரப்பு, நிணநீர்க் கணுப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் தேவை. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசாங்க மார்பு நோய்க் கிளினிக்கில் அதுவும், காசநோய் எனக் கண்டால் குறைந்தது 6 மாதச் சிகிச்சையும் இலவசம். நெஞ்சு இறுக்கத்தோடு குளிர்ந்த வியர்வை வந்தால் மட்டும் கிளினிக் நாள் வரை பொறுக்காமல் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள்.