48 வயதில் முதல் பச்சை: குத்தலாமா?

சர்க்கரை நோய் இருக்கிறது, மகனும் சிரிக்கிறான், இந்த வயதில் பச்சை குத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் குத்தலாம். 48 வயது தடையில்லை, நீங்கள் சொன்ன சர்க்கரையைத்தான் கவனிக்க வேண்டும். கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறத் தாமதமாகும், சீழும் பிடிக்கலாம். முதலில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

மணிக்கட்டில் அம்மா பெயர், அதுவும் பொடி எழுத்தில் என்கிறீர்கள். மை வருஷக்கணக்கில் தோலுக்குள் லேசாகப் பரவும். ண, ழ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

மகன் சிரிப்பதால்தான் தயங்குகிறீர்கள் என்று படுகிறது. (பாட்டி கைப் பச்சையைப் பார்த்து யாராவது சிரித்தோமா?) மருதாணிக் கோனால் அதே இடத்தில் எழுதிக்கொண்டு ஆபீஸ், கல்யாண வீடு எல்லாம் போய் வாருங்கள். அழியும்போது மறுபடி போடத் தோன்றினால் பச்சையே குத்திக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். ஊசி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். அப்புறம், குத்தியபின் 12 மாதம் ரத்ததானம் கிடையாது.