பைப்பில் வெட்டச் சொன்னால் எழுத்தை வெட்டுகிறது

அன்புள்ள சார்,

நூல் கடை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். நிரல் எழுதப் படித்தவன் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன, பெர்ல் என்ற நிரல் மொழியில் எழுதிய ஸ்கிரிப்டை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பில் சாஃப்ட்வேர் தினமும் மாலையில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் தரும். ஒரு வரி இப்படி:

1042|பருத்தி நூல்|40|12500||

பில் எண், பொருள், கிலோ, தொகை, தள்ளுபடி, குறிப்பு என ஆறு கட்டம். பழைய சாஃப்ட்வேரில் | என்ற பைப் குறிக்குப் பதில் கமா இருந்தது. வரியைத் துண்டாக வெட்டும் ஸ்ப்ளிட் கட்டளையில் ',' என்று போட்டிருந்தார்கள், ஒழுங்காக ஓடியது. நான் கமாவை எடுத்துவிட்டு '|' போட்டேன். பொருளின் பெயரைக் கேட்டால் 0 என்கிறது! தேடிப் பார்த்து \| என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. ஏன் என்றுதான் புரியவில்லை. இப்போது இன்னொரு தொல்லை: மேலே உள்ளது போன்ற வரிகளில் ஆறு கட்டத்துக்குப் பதில் நாலுதான் கிடைக்கிறது. கடைசியாக ஒன்று. லேபிளில் பெயர் 12 எழுத்தைத் தாண்டக் கூடாது. எண்ணிப் பார்க்கலாம் என்று 'பருத்தி'யை ஸ்ப்ளிட் // போட்டுப் பிரித்தால் 21 துண்டு வருகிறது. இது எந்த ஊர்க் கணக்கு?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்களை ஏமாற்றியது பைப் இல்லை, பழைய கமா. அது வேலை செய்தது அதிர்ஷ்டத்தால். ஸ்ப்ளிட்டுக்கு முதலில் கொடுப்பதை பெர்ல் எப்போதும் ரெஜெக்ஸாகத்தான், அதாவது எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் குறி வாய்பாடாகத்தான் படிக்கும். சாய்கோட்டுக்குள் எழுதினாலும் மேற்கோளுக்குள் எழுதினாலும் அதற்கு ஒன்றுதான். ரெஜெக்ஸில் கமாவுக்குத் தனி அர்த்தம் கிடையாது, அதனால் கமா கமாவாகவே இருந்தது. பைப்புக்கு 'இது அல்லது அது' என்று பொருள். நீங்கள் எழுதிய '|' சொல்வது 'ஒன்றுமில்லாதது அல்லது ஒன்றுமில்லாதது'. ஒன்றுமில்லாதது எங்கே இருக்கிறது? ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில். பெர்ல் சொன்னபடி அங்கெல்லாம் வெட்டியது. 1042 என்பது 1, 0, 4, 2 என்று நாலு கட்டமானது. பொருளின் பெயர் இரண்டாவது கட்டம் அல்லவா? இரண்டாவதாக இருப்பது 0. பைப் குறிகூடத் தப்பவில்லை, அதுவும் ஒரு கட்டமாக வந்து உட்கார்ந்திருக்கும்.

பைப்புக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் போட்டதும் அதன் விசேஷ அர்த்தம் போய்விட்டது. [|] என்று சதுர அடைப்புக்குள் வைத்தாலும் அதே பலன். எனக்கு இதுதான் பிடிக்கும், கண்ணுக்கு உறுத்தாது.

ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. மேற்கோளுக்குள் ஒற்றை இடைவெளி மட்டும் கொடுத்தால் (' ') பெர்ல் அதை ரெஜெக்ஸாகப் பார்க்காது. ஆக் என்ற பழைய நிரல் மொழியிலிருந்து, பெர்லை உருவாக்கிய லாரி வால் கொண்டுவந்த பழக்கம் அது: முன்னால் உள்ள வெற்றிடத்தை உதறிவிட்டு, எத்தனை இடைவெளி சேர்ந்து வந்தாலும் ஒரே வெட்டு. முன்னால் இரண்டு இடைவெளி, 'நூல்', மூன்று இடைவெளி, 'கண்டு' என்று ஒரு ஸ்ட்ரிங் இருந்தால் ' ' இரண்டு துண்டு தரும். சாய்கோட்டுக்குள் / / என்று எழுதுங்கள், ஆறு துண்டு வரும். அதில் நாலு காலி.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதில் நானே கையைச் சுட்டுக்கொண்டவன்.

ஸ்ப்ளிட் வெட்டி முடித்ததும் வால் பக்கம் தொடர்ந்து காலியாக இருக்கும் கட்டங்களைத் தூக்கி எறிந்துவிடும். முன்னாலும் நடுவிலும் இருக்கும் காலிகளைத் தொடாது. உங்கள் வரியில் தள்ளுபடியும் இல்லை, குறிப்பும் இல்லை, ஆகவே நாலு. குறிப்பு மட்டும் எழுதியிருந்தால் தள்ளுபடி காலியாக இருந்தாலும் ஆறும் வந்திருக்கும். வரிக்கு வரி எண்ணிக்கை மாறுவது இதனால்தான். மூன்றாவது உறுப்பாக -1 கொடுங்கள், எதையும் எறியாது.

பல வருஷம் முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஏறக்குறைய உங்களுடையதைப் போலவே ஒரு ஃபைல். கிளைக்குக் கிளை முன்பக்கக் கட்டங்கள் கூடக் குறைய இருக்கும் என்பதால், தொகையைக் கடைசியிலிருந்து மூன்றாவது என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரியின் முடிவில் இருக்கும் நியூலைன் குறியை அந்த ஸ்கிரிப்ட் வெட்டவே இல்லை. அசிங்கமாகத் தோன்றியது. நான் சுத்தக்காரன், அந்தக் குறியை வெட்டும் சாம்ப் கட்டளையைச் சேர்த்தேன். மாதக் கடைசியில் மொத்தம் குறைந்தது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். நியூலைன் இருந்தவரை கடைசிக் கட்டம் காலி இல்லை, அதற்குள் அந்தக் குறியாவது இருந்தது. வால் காப்பாற்றப்பட்டது. நான் அதைத் துடைத்ததும் தள்ளுபடியும் குறிப்பும் இல்லாத வரிகளில் வால் போனது. கடைசியிலிருந்து மூன்றாவது இடத்துக்குப் பொருளின் பெயர் வந்து நின்றது. பெயரைக் கூட்டச் சொன்னால் பெர்ல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு மேலே போகும். சந்தேகமான இடத்தில் எச்சரிக்கும் வார்னிங்ஸ் வசதியைப் போட்டிருந்தால் ஒரு முணுமுணுப்பாவது கேட்டிருக்கும். போடவில்லை. உங்கள் ஸ்கிரிப்டின் தலையில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரெஜெக்ஸ் விதியும் வால் விதியும் கைகோத்தால் வரும் வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 12.06.2024 என்ற தேதியை '.' கொடுத்து வெட்டிப் பாருங்கள். ஒன்றுமே வராது. ரெஜெக்ஸில் புள்ளி என்றால் 'எந்த எழுத்தாயினும்'. பத்து எழுத்தும் வெட்டுக் குறியாகிவிட, மிஞ்சுவது பதினொரு காலிக் கட்டம். எல்லாமே வால், எல்லாம் குப்பைக்கு!

அடைப்புக்குறியிலும் கவனம் வேண்டும். ஸ்ப்ளிட்டின் ரெஜெக்ஸில் வளைவு அடைப்பு போட்டால் அதற்குள் சிக்கிய வெட்டுக் குறியும் கட்டமாகச் சேர்ந்து வரும். வேண்டாமென்றால் (?: என்று தொடங்குங்கள். என்றாவது உங்கள் சாஃப்ட்வேர் மேற்கோளுக்குள் கமா வைத்த சிஎஸ்வி ஃபைலை (கமாவால் கட்டம் பிரித்த ஃபைல்) கொடுத்தால் ஸ்ப்ளிட் பக்கமே போகாதீர்கள், அதற்கு டெக்ஸ்ட்::சிஎஸ்வி மாட்யூல் இருக்கிறது.

பருத்திக்கு வருவோம். 21 என்பது பைட் கணக்கு, அதாவது கணினி சேமிக்கும் அலகின் கணக்கு. எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ஃபைலைத் திறக்கும்போதே யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் 7 ஆகும்: ப, ர, உகரக் குறி, த, புள்ளி, த, இகரக் குறி. எழுத்துக் குறிகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடுக்கு இவை ஏழும் தனித்தனி ஆள். நமக்கு வேண்டியது ப, ரு, த், தி என்ற நாலு.

இதற்கு ஸ்ப்ளிட் தோதுப்படாது. எதை எறிய வேண்டும் என்று தெரிந்தால் ஸ்ப்ளிட், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தால் மேட்ச், அதாவது ரெஜெக்ஸுக்குப் பொருந்துவதைப் பிடிப்பது. பெர்ல்காரர்களிடையே ராண்டல் ஷ்வார்ட்ஸ் பெயரில் புழங்கும் விதி இது. இங்கே எறிய எதுவும் இல்லை. பேக்ஸ்லாஷ் போட்டுப் பெரிய எக்ஸ் எழுதினால், எழுத்தையும் அதில் ஒட்டிய குறிகளையும் ஒன்றாகப் பிடிக்கும். அதை 'பருத்தி' என்ற சொல் முழுக்க மேட்ச் செய்து எண்ணுங்கள், நாலு வரும். 'கொ'வின் ஒகரத்தை ஒரே குறியாகச் சேமித்திருந்தாலும், கொம்பும் காலுமாக இரண்டாகச் சேமித்திருந்தாலும் ஒன்று என்றே எண்ணும். 'க்ஷ'வை மட்டும் க், ஷ என்று இரண்டாக எண்ணும், நூல் கடையில் அது அதிகம் வராது என்று நினைக்கிறேன்.

ஆனால் லேபிளுக்கு எழுத்து எண்ணிக்கை போதுமா? 'ர' பிடிக்கும் அகலம் என்ன, 'ணௌ' பிடிக்கும் அகலம் என்ன! உங்கள் சரக்கிலேயே மிக நீளமான பெயரை எடுத்து, முதலில் ஒரு லேபிள் அச்சடித்துப் பாருங்கள்.