எந்தத் திகதியில் வந்தனீங்கள்? அல்பேர்ட்டாவுக்கு வாறவர்களின் கேள்விகள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, அல்பேர்ட்டா மாகாணத்துக் கல்கரிக்கு வந்தனான். வந்த பிறகு புதுச் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதே அரைவாசி வேலையாகிவிட்டது. "எங்க இருந்து, எத்தனை பேர்" என்று நான் முதலில் கேட்பதில்லை. "எந்தத் திகதியில் வந்தனீங்கள், அதைக் காட்டக் கடதாசி இருக்கோ?" என்றுதான் கேட்பேன். ஏன் என்று கீழே தெரியும்.

கேள்வி: அக்கா, ஏப்ரல் 20 வாறம். மகனுக்கு ஆஸ்துமா. வந்த அன்றே ஒன்ராறியோ ஹெல்த் கார்ட் செல்லாமல் போயிடுமா?

போகாது. வந்து சேர்ந்த மாதத்துக்குப் பிறகு வரும் மூன்றாவது மாதத்தின் முதலாம் திகதிதான் அல்பேர்ட்டாவின் காப்பு தொடங்கும். உங்களுக்கு அது ஜூலை 1. அதுவரை டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒன்ராறியோ கார்டைக் காட்டுங்கோ. ஆனால் ஆம்புலன்ஸும் மருந்துக் கடைச் செலவும் அதில் அடங்காது. அங்கே தனியார் காப்புறுதி இல்லாத 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பல மருந்துகள் இலவசம். இங்கே அப்படி எல்லாருக்கும் இல்லை. வேலையிடத்துக் காப்புறுதி வேண்டும், இல்லையென்றால் புளூ குறொஸ் போன்ற மருத்துவக் காப்புறுதிக்கு நீங்களே மாதாமாதம் கட்ட வேண்டும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாகாணத்தின் தனித் திட்டம் ஒன்று உண்டு. எதற்கும் இன்ஹேலரை மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொண்டு வாருங்கோ.

அல்பேர்ட்டாவின் ஹெல்த் கார்டுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதுக்குத்தான் அந்தத் திகதிக் கடதாசி: உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், இப்படி ஏதாவது. தெரிந்தவரின் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு ஒரு கடதாசியும் இல்லாமல் நிற்கிறவர்கள்தான் இங்கே அந்தரப்படுகிறது.

கேள்வி: காரை ஓட்டிக்கொண்டு வரலாமா, விற்றுப்போட்டு வாறது நல்லதா?

கார் நல்ல நிலையில் இருந்தால் ஓட்டிக்கொண்டு வாருங்கோ. 3,400 கிலோமீற்றர் சொச்சம். சுப்பீரியர் ஏரிக்கு மேலால் வாற பகுதியில் பொழுதுபட்ட பிறகு ஓடவேண்டாம், மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே வரும்.

வந்து சேர்ந்த பிறகுதான் வில்லங்கம். வேறு மாகாணத்து வாகனத்தைப் பதிய முதல், அனுமதி பெற்ற கராஜ் ஒன்றில் பரிசோதனை செய்தாக வேண்டும். என் தம்பியின் கார் இரண்டு விஷயத்தில் விழுந்தது. முன் கண்ணாடியில் வெடிப்பு. முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த கறுப்புத் தாள், அது இங்கே கூடவே கூடாது. தாளை ஸ்காபரோவிலேயே உரித்துப்போட்டு வந்தால் காசு மிச்சம். கண்ணாடியைப் பற்றிச் சிரிக்க வேண்டாம்: பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற சரளைக் கல்லால் கல்கரியில் ஓடுகிற காரில் பாதிக்கு முன் கண்ணாடி வெடித்துத்தான் இருக்கும். சோதனைக்குப் போகிறவனுக்கு மட்டும் அது குற்றம்.

பதிவும் சாரதி அனுமதிப்பத்திரமும் மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். அரச கட்டடத்தைத் தேடி அலையாதீங்கோ, இங்கே இதெல்லாம் றெஜிஸ்ரி என்ற தனியார் கடைகளில், மளிகைக் கடைக்குப் பக்கத்தில் நடக்கும். ஒன்ராறியோவின் முழு 'ஜி' சாரதி அனுமதி இருந்தால் பரீட்சை இல்லாமல் இங்கத்தைய 'கிளாஸ் 5' தருவார்கள். காப்புறுதி அல்பேர்ட்டா விலாசத்துக்கு மாறினால்தான் பதிவு நடக்கும். புறப்பட முதல் பழைய காப்புறுதிக்காரரிடம் விபத்து இல்லாத ஓட்ட வரலாற்றைக் கடிதமாக வாங்குங்கோ. அது இல்லாவிட்டால் நேற்றுப் பழகியவருக்குச் சொல்கிற விலையைத்தான் உங்களுக்கும் சொல்வார்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் டெபொசிற் கேட்கிறார். ஒன்ராறியோவில் அது சட்டவிரோதமல்லவா?

அங்கே சேதத்துக்கென்று கேட்கக் கூடாது, இங்கே கேட்கலாம். ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. நீங்கள் குடிபுகும் நாளுக்கு ஒரு கிழமை முன்பின்னாக இருவரும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, அறிக்கை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் அவர் பிறகு "சுவர் கீறுப்பட்டிருக்கு" என்று டெபொசிற்றில் வெட்ட முடியாது. வெளிக்கிட்டால் பத்து நாளுக்குள் காசோ கணக்கோ தர வேண்டும். போனில் படம் எடுத்து வையுங்கோ, கழுவுதொட்டிக்குக் கீழேயும்.

இனி ஒன்ராறியோக்காரரை அடிக்கிற இரண்டு விஷயம். ஒன்று, வாடகை உயர்வுக்கு இங்கே வீத வரம்பு இல்லை. 365 நாளுக்கு ஒருமுறைதான் கூட்டலாம், ஆனால் எவ்வளவும் கூட்டலாம். இரண்டு, ஒரு வருஷ ஒப்பந்தம் முடிந்தால் அது தானாக மாத வாடகையாகத் தொடராது. முடியும் திகதியில் முடிந்தது. வீட்டுக்காரர் அறிவித்தல்கூடத் தரத் தேவையில்லை. மூன்று மாதம் இருக்கும்போதே "புதுப்பிப்பீங்களா?" என்று எழுத்தில் கேளுங்கோ. "அவர் நல்ல மனிசன், எங்கட ஆள்" என்ற கதையெல்லாம் வேண்டாம்.

பேஸ்மென்ட் (நிலக்கீழ்) வீடு வாடகைக்கு எடுக்கிறவர்கள், சட்டப்படியான அப்படிப்பட்ட வீடுகளுக்குக் கல்கரி நகரசபை வைத்திருக்கும் பதிவுப் பட்டியலில் அந்த விலாசம் இருக்கிறதா என்று பாருங்கோ. கரண்டையும் காஸையும் யாரிடம் வாங்குவது என்பதும் உங்கள் தெரிவு. விலை ஒப்பிடும்போது யூனிற் விலையை மட்டும் பார்க்காதீங்கோ, பில்லில் பெரிய பங்கு விநியோகக் கட்டணம்தான்.

கேள்வி: நான் ஒன்ராறியோவில் ஆர்பிஎன் (றெஜிஸ்ரேட் பிரக்ரிக்கல் நேர்ஸ்). அதே பட்டத்தில் இங்கே வேலை தேடலாமா?

தங்கச்சி, அந்த மூன்று எழுத்தைப் போட்டு விண்ணப்பிக்காதேயுங்கோ. அல்பேர்ட்டாவில் ஆர்பிஎன் என்றால் மனநல நேர்ஸ். உங்கள் தகுதிக்கு இங்கே எல்பிஎன் (லைசென்ஸ்ட் பிரக்ரிக்கல் நேர்ஸ்) என்று பெயர். கனடாவுக்குள் ஒரு மாகாணத்தில் பதிந்தவருக்குத் தொழில் நகர்வு உரிமை இருப்பதால் திரும்பப் படிக்கச் சொல்ல மாட்டார்கள், ஆனால் இங்குள்ள அமைப்பில் பதிந்து முடியாமல் வேலை தொடங்க இயலாது. ஒன்ராறியோப் பதிவு உயிரோடு இருக்கும்போதே தொடங்குங்கோ.

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறேன். அல்பேர்ட்டா மாகாண நியமனம் (குடியேற மாகாணம் தரும் பரிந்துரை) கிடைத்து பிஆர் (நிரந்தர வதிவுரிமை) வரப்போகிறது. டொராண்டோவில் வேலை கிடைத்தால் நேரே அங்கே போய் இறங்கலாமா?

தம்பி, பிஆர் கையில் வந்த பிறகு எந்த மாகாணத்திலும் வாழ, உழைக்க 1982 உரிமைச் சாசனத்தின் ஆறாம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் "அல்பேர்ட்டாவில் வாழ்வேன்" என்று எழுதிக் கொடுத்துத்தான் நியமனம் வாங்கியிருக்கிறீர்கள். மனதில் வேறொன்றை வைத்துக்கொண்டு அப்படி எழுதினால் அது பொய்த் தகவல், பிறகு குடியுரிமை வரைக்கும் துரத்தும். இங்கே வாருங்கள், உண்மையாக வேலை தேடுங்கள், தேடியதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு சரிவராமல் போனால் அது வேறு கதை. வெளிநாட்டிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு ஒரு நல்ல விஷயம்: மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால் மருத்துவக் காப்பு குடியேறிய நாளிலிருந்தே கணக்கு.

கேள்வி: மகள் வாற வருஷம் 12ஆம் வகுப்பு. இப்ப மாறினால் பாதிக்குமா?

பாதிக்கும். இங்கே 12இல் முக்கிய பாடங்களுக்கு மாகாணப் பரீட்சை உண்டு, இறுதிப் புள்ளியில் 30 வீதம் அதிலிருந்து. ஒன்ராறியோவில் அப்படி இல்லை. முடிந்தால் அங்கேயே முடிக்கட்டும். ஒன்பதாம் பத்தாம் வகுப்பென்றால் யோசிக்காமல் மாறலாம்.

கேள்வி: குளிர் அங்கத்தையைவிட மோசமா?

மைனஸ் 30க்குப் போகும், ஆனால் காய்ந்த குளிர். மூக்கால் இரத்தம் வடிந்தால் பயப்படாமல் இரவில் ஈரப்பதக் கருவி போடுங்கோ. சினூக் என்ற மேல்காற்று அடித்தால் சில மணித்தியாலத்தில் பனி உருகும், பலருக்குத் தலையிடியும் வரும். காருக்கு புளொக் ஹீற்றர் (எஞ்சினைச் சூடாக்கும் கருவி) பூட்டுங்கோ. வீடு வாங்கினால் ஆலங்கட்டி மழையை யோசியுங்கோ. 2020 ஜூனில் கல்கரி வடகிழக்கில் கூரை, சுவர், கார் எல்லாவற்றையும் சல்லடையாக்கியது. ஆலங்கட்டிச் சேதத்தில் உங்கள் கைக்காசு எவ்வளவு என்று காப்புறுதியில் கேளுங்கோ.

கேள்வி: டிசம்பரில் வாறதா, ஜனவரியில் வாறதா? வரியில் வித்தியாசம் வருமா?

வரும். டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் குடியிருக்கிறீர்களோ, அந்த வருஷம் முழுவதற்கும் அந்த மாகாண வருமான வரிதான். பதினொரு மாதம் ஒன்ராறியோவில் உழைத்திருந்தாலும் அப்படியே. எது இலாபம் என்பது உங்கள் வருமானத்தைப் பொறுத்தது, இரண்டையும் போட்டுப் பாருங்கோ. கடையில் விற்பனை வரி 13 வீதம் 5 ஆகிறது என்பது மட்டும் எல்லாருக்கும் பொது.

புது வேலைக்காக மாறினால் ட்ரக் வாடகை, பெற்றோல், வழியில் தங்கிய செலவு எல்லாம் அந்த வேலை வருமானத்திலிருந்து கழிக்கலாம். ரசீதுகளை ஒரு உறையில் போட்டு, மேலே வந்து சேர்ந்த திகதியை எழுதி வையுங்கோ.