தர்மபுரிப் பக்கம் பறவைப் படம் எடுக்க கிராப் சென்சாரா, ஃபுல் ஃப்ரேமா?

வீடு தர்மபுரி, கையில் பழைய கிராப் கேமராவும் (படம் பதியும் சில்லான சென்சார் சிறியது) 70-300 மில்லிமீட்டர் லென்ஸும், சேமிப்பு ஒன்றேகால் லட்சம், பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேமுக்கு மாறினால் பறவை தெளிவாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற வேண்டாம். அந்தப் பணத்தை லென்ஸில் போடுங்கள்.

நான் காவேரிப்பட்டணம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில்தான் இருப்பேன். இதே குழப்பம் எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. கிருஷ்ணகிரியில் கல்யாணப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் தன்னுடைய 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவை இரண்டு நாள் கொடுத்தார். என்னுடையது நிக்கான் டி500, கிராப் சென்சார், 20.9 மெகாபிக்சல். லென்ஸ் இரண்டுக்கும் ஒன்றே, 200-500.

தண்ணீருக்குள் நட்டிருந்த ஒரு குச்சியில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. சுமார் 25 மீட்டர் தூரம். அலகில் மீன். குச்சியில் இரண்டு அடி அடித்து விழுங்கிவிட்டு அங்கேயே இருந்தது. பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) மாற்றி மாற்றி மாட்டி எடுத்தேன், இரண்டிலும் ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) 1600.

இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. அந்தப் பறவை கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர் நீளம். 25 மீட்டரில் 500 லென்ஸ் வைத்தால் சென்சார் மேல் விழும் அதன் பிம்பம் 5 மில்லிமீட்டர்தான். எந்த சென்சாராக இருந்தாலும் அதே 5 மில்லிமீட்டர். ஃபுல் ஃப்ரேம் என்றால் அதைச் சுற்றித் தண்ணீர் அதிகமாகத் தெரியும், அவ்வளவே. "கிராப்பில் 500 லென்ஸ் 750 ஆகிவிடும்" என்று சொல்கிறார்களே, லென்ஸ் ஒன்றும் நீளுவதில்லை, ஓரம் வெட்டுப்படுகிறது. பறவைக்குக் கிடைக்கும் லாபம் பிக்சல் நெருக்கத்தில் வருகிறது. அந்த 5 மில்லிமீட்டருக்குள் என் டி500ல் சுமார் 1,180 பிக்சல் அடங்கும், நண்பரின் கேமராவில் 840 அளவுக்குத்தான். வீட்டில் கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கினேன். டி500 படத்தில் கொண்டை இறகுகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. மற்றதில் ஒன்றோடொன்று ஒட்டிய மாதிரி இருந்தது.

நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல்? நான் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்த்தேன், இல்லை. யோசித்துப் பார்த்தால் இருக்கவும் முடியாது. ஃபுல் ஃப்ரேமின் பரப்பு கிராப்பைப் போல இரண்டேகால் மடங்கு, அதனால் மொத்தமாக அதிக வெளிச்சம் வாங்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் வெளிச்சம் முழுக்க மீன்கொத்தியைச் சுற்றி இருந்த தண்ணீர் மேல் விழுந்தது. அதைத்தான் நாம் வெட்டி எறிகிறோம். பறவை மேல் விழுந்தது இரண்டிலும் ஒரே அளவு.

பறவையிடமிருந்து வரும் வெளிச்சத்தை அள்ளுவது லென்ஸின் வாய்தான். உங்கள் 70-300ஐ 300ல் எஃப் 5.6 (300ஐ 5.6ஆல் வகுப்பது) என்று வைத்தால் வாய் ஏறக்குறைய 54 மில்லிமீட்டர், 500ல் எஃப் 5.6 என்றால் 89. பரப்பில் 2.8 மடங்கு. பிம்பமும் 3 மில்லிமீட்டரிலிருந்து 5 ஆகிறது. எந்த பாடியை வாங்கினாலும் இந்த அளவு லாபம் கிடைக்காது. அதனால்தான் லென்ஸ் என்கிறேன்.

அப்படியானால் ஃபுல் ஃப்ரேம் வீணா? இல்லவே இல்லை. அடுத்த நாள் சாயங்காலம் ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்புக்குப் போனோம். கிணற்றை ஒட்டிய பழைய மரத்துப் பொந்தில் ஒரு புள்ளி ஆந்தை. தினம் ஆட்கள் நடமாடும் இடம் என்பதால் 5 மீட்டரில் நின்றாலும் கண்ணை அரைவாசி மூடியபடி உட்கார்ந்திருந்தது. என் கேமராவைப் படுக்கையாகப் பிடித்தபோது 500ல் தலையும் வாலும் வெட்டுப்பட்டன, ஜூமைக் குறைக்க வேண்டியதாயிற்று. நண்பரின் கேமராவில் 500லேயே முழு ஆந்தையும் அடங்கியது. இருட்டத் தொடங்கிய நேரம், ஐ.எஸ்.ஓ. 6400. நெற்றியில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள் அதில்தான் சுத்தமாக வந்தன. இப்படிப் பறவை ஃப்ரேமை நிறைக்கும் அளவுக்குக் கிட்டே போக முடிந்தால் பெரிய சென்சார் தன் வேலையைக் காட்டும். ஃபிளாஷ் மட்டும் அடிக்காதீர்கள், குஞ்சு இருக்கும் பொந்துப் பக்கமே போகாதீர்கள்.

ஆனால் நம் பக்கத்தில் அப்படி எத்தனை பறவை கிட்டே விடுகிறது? அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளின் பெரும்பகுதி 2014ல் அறிவித்த காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே இறங்க முடியாது, சாலையிலிருந்து எடுப்பதுதான். ஒகேனக்கல்லில் பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பறவையைப் பரிசலில் ஆடிக்கொண்டே எடுக்க வேண்டும். எல்லாமே தூரம். பறக்கும் ஆலாவை (தண்ணீர் மேல் பறந்து மீன் பிடிக்கும் பறவை) வ்யூஃபைண்டரில் பிடிப்பதற்கு மட்டும் ஃபுல் ஃப்ரேம் சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 500ல் அது பக்கவாட்டில் நாலு டிகிரிக்குச் சற்று மேல் காட்டும், கிராப் மூன்றைக்கூடத் தொடாது.

இரண்டும் வேண்டும் என்றால் நிக்கான் டி850 மாதிரி 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் இருக்கிறது. கிராப் அளவுக்கு வெட்டினாலும் 19 மெகாபிக்சலுக்கு மேல் மிஞ்சும். அதை வாங்கிவிட்டு 70-300 போதும் என்று இருப்பதுதான் என்னால் ஏற்க முடியாதது.

உங்கள் பாடி நிக்கான் என்றால் 200-500 பாருங்கள், 2.3 கிலோ கனம். வேறு எது என்றாலும் அதற்குப் பொருந்தும் சிக்மா அல்லது டாம்ரான் 150-600 கிடைக்கிறதா பாருங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் உங்கள் பாடியைக் கையோடு கொண்டு போங்கள். கண்ணாடிக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். அப்புறம் கடை வாசலில் நின்று எதிர்க் கம்பத்துக் காக்கையை முழு ஜூமில் பத்துப் படம் எடுத்து, எத்தனையில் கண் கூர்மையாக விழுந்திருக்கிறது என்று அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.