அப்பா கற்றுத்தந்த கலையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் கல் சிற்பங்கள் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். ஆயிரம் ஆண்டுகளாக அப்பா மகனுக்குக் கற்றுத்தந்து வரும் கலை என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியென்றால் ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு பாணி எப்படி வந்தது?

எஸ்.கே.

அன்புள்ள எஸ்.கே.,

காணொளி சொன்னது பாதி சரி. தந்தத்திலும் எலும்பிலும் சின்ன உருவங்கள் செதுக்குவது அங்கே மிகப் பழைய வழக்கம். மாக்கல்லில் குடைந்ததோ முக்கியமாக குல்லிக் என்ற விளக்கு, சீல் கொழுப்பில் எரிவது. சூட்டில் மாக்கல் வெடிக்காது. (நம் கல்சட்டிக்கும் அதே கல், அதே காரணம்.) நாம் காட்சிக்கூடங்களில் பார்க்கும் கரடியும் வால்ரஸும் 1948க்குப் பிறகு பெருகியவை. அந்த ஆண்டு ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற ஓவியர் வட கியூபெக்கில் உள்ள இனுக்ஜுவாக் என்ற இனுயிட் கிராமத்துக்குப் போய்ச் சிற்பங்கள் வாங்கி வந்தார். மறு வருடம் மான்ட்ரியலில் விற்பனைக்கு வைத்தார்கள், சில நாட்களில் எல்லாம் தீர்ந்துபோயின. ஆக, இந்தப் பரம்பரைக்கு மூன்று நான்கு தலைமுறை வயதுதான்.

கற்றுத்தருவது என்பதும் பெரிய சொல். வெட்டவெளியில், குளிரில், பெரியவர் ஆங்கிள் கிரைண்டரால் கல்லை அறுப்பார். தூசி படிந்து கல் வெளிறிக் கிடக்கும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் உப்புத்தாள் தேய்க்கும் வேலை. தண்ணீர் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து கரும்பச்சை எழும். பாடம் அவ்வளவுதான். எதைச் செதுக்குவது என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம், மகனுக்கு மட்டும் என்பதும் தவறு. கனடாவின் வடக்கே கின்கைட் என்ற ஊரின் சிற்பி ஓவிலூ டுனிலி (1949–2014) தன் அப்பா டூனூ செதுக்குவதைப் பார்த்து வளர்ந்தவர். சிறுமியாக இருந்தபோது காசநோய்க்காகக் குடும்பத்தை விட்டுத் தெற்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிற்பாடு அந்தப் பிரிவையே கல்லில் வைத்தார். குதிகால் செருப்புப் போட்ட பெண்ணையும் செதுக்கினார். வேட்டைக் காட்சியும் கரடியும் தேடி வந்தவர்கள் அதைப் பார்த்து விழித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்! எனக்கு அவருடையவைதான் பிடித்தவை.

அதே ஊரின் அஷூனா குடும்பத்திலும் இப்படித்தான், ஆளுக்கொரு வழி. அம்மா பிட்சியோலாக் வரைந்தார், மகன் கியூகாக் செதுக்கினார், கியூகாக்கின் மகள் ஷுவினாய் மறுபடி காகிதத்துக்கே போய்விட்டார்.

எங்காவது ஒரு சிற்பம் கையில் கிடைத்தால் அடியைத் திருப்பிப் பாருங்கள். இனுயிட்களின் மொழியான இனுக்டிடுட்டின் எழுத்தில் கீறிய பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.